கடலைக்குள்ளேயே இருக்கிறது எண்ணெய்

வேலை முடிந்து தெம்பனிஸ் எம்ஆர்டியில் இறங்கும்போதே நல்ல பசி. வீட்டில் மீன் இருக்கிறது. ஆனால் சட்டி நிறைய எண்ணெய் காயவைத்துப் பொரிக்கத் தெம்பு இல்லை. என்ன செய்யலாம், நேயர்களே?

வறுக்காத வேர்க்கடலை ஒரு கைப்பிடி எடுங்கள். திரையரங்கு வாசல்களில் நம் தமிழர்கள் காகிதக் கூம்பில் விற்ற கச்சாங் பூத்தே நினைவிருக்கிறதா? அதில் வரும் வேர்க்கடலைதான். அதன் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்! சூடு பட்டதும் தன் எண்ணெயிலேயே சிவந்து மொறுமொறுப்பாகிவிடும்.

தெம்பனிஸ் ரவுண்ட் மார்க்கெட்டில் முள் நீக்கி வாங்கிய கொடுவாத் துண்டுகளை ஈரம் போகத் துடையுங்கள். உப்பு, மிளகாய்த்தூள், முட்டை வெள்ளைக்கரு தடவி, பொடித்த கடலையை மேலே அழுத்தி ஒட்டுங்கள். ஓவனில் கால் மணி நேரம் வைத்தால் போதும்.

கடலையை மட்டும் மிக்சியை விட்டு விட்டு ஓட்டி, கரகரப்பாக அரையுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும். அப்புறம் மொறுமொறுப்பு வராது.

வீட்டில் கடலை ஒவ்வாதவர் யாராவது இருக்கிறார்களா? கட்டாயம் கடலையைத் தவிர்த்து, ரவை போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் மேலே கொஞ்சம் எண்ணெய் தடவ வேண்டியிருக்கும்.