ஆலயம் மூடப்பட்டபோதும் அடங்காத கீதம்



பிலிப்பி நகரச் சிறையிலே, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில், நள்ளிரவு வேளையிலே பவுலும் சீலாவும் இறைவனுக்குப் புகழ் பாடினார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகின்றது. விடுதலை கிடைத்த பின்னர் அவர்கள் பாடவில்லை. கட்டுண்டிருந்த வேளையிலேயே பாடினார்கள். ஏனைய கைதிகள் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் அந்நூல் குறிப்பிடத் தவறவில்லை. அந்த நள்ளிரவுப் பாடலை நினைவூட்டும் வரலாறு ஒன்று போலந்து நாட்டிலும் உண்டு.

அந்நாட்டின் மேற்கே, வார்த்தா ஆற்றங்கரையில் அமைந்துள்ள தொன்மையான நகரம் பொஸ்னான். 966ஆம் ஆண்டில் மன்னன் மியெஷ்கோ திருமுழுக்குப் பெற்ற காலத்தோடு வேரூன்றிய போலந்துத் திருச்சபையின் மிகப் பழைய பேராலயம் அங்கேதான் இருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பேராலயத்தின் பாடகர் குழாமை வழிநடத்தியவர் அருட்தந்தை வாட்ஸ்வாப் கீபுரோவ்ஸ்கி. மறக்கப்பட்டுக் கிடந்த பழைய போலந்துத் திருவிசைப் படைப்புகளைத் தேடியெடுத்துப் பதிப்பித்த அறிஞர் அவர். அவருடைய குழாமில் சிறுவனாகப் பாடி வளர்ந்தவர்களுள் ஒருவர், 1920ஆம் ஆண்டு பிறந்த ஸ்டெஃபான் ஸ்டுலிக்ரோஷ்.

1939 செப்டெம்பரில் நாஸி ஜேர்மனியின் படைகள் பொஸ்னானைக் கைப்பற்றின. போலந்து மக்களின் கலாசார அமைப்புகள் கலைக்கப்பட்டன. அப்பகுதியின் ஆலயங்களுட் பெரும்பாலானவை மூடப்பட்டன. பெருந்தொகையான குருக்கள் சிறைப்பட்டனர், நாடுகடத்தப்பட்டனர், கொல்லப்பட்டனர். கீபுரோவ்ஸ்கி அடிகளாரும் தம் நகரை இழந்தார். 1943இல் வார்சோவில் இறையடி சேர்ந்த அவர், தமது பேராலயத்தில் மீண்டும் ஒரு பாடலைக் கேட்கவேயில்லை.

ஆசான் அகற்றப்பட்டார், ஆலயமும் மூடப்பட்டது. அப்போது ஸ்டுலிக்ரோஷுக்கு வயது 19. தான் பெற்றது தன்னோடு முடிந்துபோகட்டும் என்று அவர் இருந்துவிடவில்லை. சிதறிப்போன குழாமின் சிறுவர்களையும் இளைஞர்களையும் ஒன்றுசேர்த்து, மறைவாகப் பாடற் பயிற்சியைத் தொடர்ந்தார். ஒன்றுகூடுவதே குற்றமாயிருந்த காலத்தில், நான்கு குரல்களில் இறைவனைப் பாடுவதற்காக அவர்கள் ஒன்றுகூடினார்கள்.

1945இன் தொடக்கத்தில் நகரை மீட்பதற்காக நடந்த கடும்போரிலே பேராலயம் தீக்கிரையாகியது. எனினும் குழாம் பிழைத்திருந்தது. போருக்குப் பின்னர் அது பொஸ்னான் பில்ஹார்மோனிக் இசை நிறுவனத்தின் சிறுவர், ஆடவர் பாடகர் குழாமாக அமைக்கப்பட்டது. மக்களோ அதற்கு 'பொஸ்னான் இராக்குயில்கள்' என்று அன்போடு பெயரிட்டழைத்தார்கள். சமயத்தை ஒதுக்கிவைக்க முயன்ற பொதுவுடைமை ஆட்சிக் காலத்திலும், பாக், ஹாண்டெல் ஆகியோரின் திருவிசையும், பதினாறாம் நூற்றாண்டுப் போலந்து இசைமேதைகளின் படைப்புகளும், 'கொலெந்தா' எனப்படும் நத்தார்க் கீதங்களும் அக்குழாமின் வாயிலாக ஒலித்தன. அதன் புகழ் போலந்தின் எல்லைகளைக் கடந்து தொலைதூர நாடுகளையும் சென்றடைந்தது.

அன்பர்களே, இத்தகைய குழாமின் அமைப்பிலேயே ஓர் அரிய பாடம் உண்டு. அதன் உயர்ந்த குரல்களைப் பாடுவோர் சிறுவர்கள்; தாழ்ந்த குரல்களைப் பாடுவோர் வளர்ந்த ஆடவர்கள். சிறுவனின் மணிக்குரலோ நிலையானதன்று. பல ஆண்டுகள் உழைத்துப் பண்படுத்திய குரல், பதின்ம வயதில் ஒருநாள் உடைந்துவிடுகின்றது. அவன் தன் இடத்தை இன்னொரு சின்னஞ்சிறுவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். சிலர் பின்னர் ஆடவர் வரிசையிலே வந்து சேர்ந்து, அன்று தாம் பாடிய பகுதியை இன்று வேறொரு பிள்ளை பாடக் கேட்டு, அதற்குத் துணைக்குரலாகின்றார்கள். ஆகவே அந்தக் குழாமை நிலைநிறுத்துவது எவருடைய குரலுமன்று. கற்றதைக் கையளிக்கும் மனமே.

ஸ்டுலிக்ரோஷ் ஒரு தலைமுறையை அல்ல, பல தலைமுறைகளைப் பயிற்றுவித்தார். பொஸ்னான் உயர் இசைக் கல்லூரியின் தலைவராகவும் பணியாற்றினார். தொண்ணூறு வயதைக் கடந்த பின், 2012 ஜூன் 15ஆம் நாள் அவர் இறைபதம் அடைந்தார். தாம் பத்தொன்பது வயதில் ஏற்ற பொறுப்பை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்தவர் அவர். அவருடைய மறைவோடு பாடல் ஓய்ந்துவிடவில்லை. கீபுரோவ்ஸ்கி அடிகளார் அவரிடம் கையளித்ததை அவரும் பிறரிடம் கையளித்துவிட்டே சென்றார்.

தன்னிடம் கேட்டறிந்தவற்றை, பிறருக்கும் கற்பிக்கத்தக்க நம்பிக்கைக்குரியோரிடம் ஒப்படைக்கும்படி புனித பவுல் திமொத்தேயுவைப் பணித்தார் அல்லவா? நமது விசுவாசமும் இவ்வாறே கைமாறி வந்தது. நமக்குச் செபமாலை சொல்லக் கற்பித்தவர்கள் யார்? முதற் கீதத்தைப் பாடக் கற்பித்தவர்கள் யார்? அவர்களுட் பலர் இன்று நம்மோடு இல்லை. அவர்கள் தந்ததை நாம் யாருக்குத் தந்திருக்கின்றோம்?

நல்ல காலம் வரட்டும், பின்னர் கற்பிப்போம் என்று காத்திருக்க வேண்டாம். அந்தப் பத்தொன்பது வயது இளைஞன் காத்திருந்திருந்தால், போர் முடிந்தபோது பாடுவதற்கு ஒரு குழாமே இருந்திருக்காது. இன்று மாலை நம் இல்லத்தில் செபவேளை வரும்போது, வீட்டின் மிகச் சிறிய பிள்ளை பாடலைத் தொடங்கட்டும். சுருதி பிசகினாலும் பாதகமில்லை. பெரியோர் நாம் தாழ்ந்த குரலில் துணைநிற்போம்.