மாயாவிக்கு ஒரு துணைநூல்

உடம்பில் மின்சாரம் பாய்ந்த க்ஷணத்திலேயே ஆள் முழுவதும் மறைந்து, இரும்புக் கை ஒன்று மட்டும் அந்தரத்தில் மிதந்து செல்லும் அந்த விசித்திரத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் முதன்முதல் கண்டு பிரமித்தது 1972-ஆம் ஆண்டில், சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வெளிவந்தபோதுதான். இங்கிலாந்தில் 1962-ல் ‘வேலியன்ட்’ என்னும் வாரப் பத்திரிகையில் பிறந்த அந்த வீரன், பத்தாண்டுகளுக்குப் பின் ராஜபாளையத்துக்கு அப்பாலுள்ள அச்சு நகரத்தில் தமிழ் பேசத் தொடங்கி, புளியங்குடி போன்ற எங்கள் தென்பாண்டிச் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்தான். இன்று அவனைப் போன்ற அதிசய புருஷர்களை வாசிப்பதோடு திருப்தியடையாமல், தாமே அவர்களாகி ஆடிப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு, அந்தப் பாத்திரமேற்கும் ஆட்டத்துக்கு எந்த நூலை வாங்குவது என்ற கேள்வி எழுகிறது.

அந்த ஆட்டத்தின் ஸ்வரூபம் எளியது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் சூத்திரதாரியாக இருந்து நிலைமையை வர்ணிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தம் வீரன் என்ன செய்கிறான் என்று சொல்லுவார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். 1974-ல் அமெரிக்காவில் ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தொடங்கிவைத்த இந்த வகை, 1981-ல் வெளியான ‘சாம்பியன்ஸ்’ முதலிய ஆட்டங்களால் சூப்பர் ஹீரோக்களின் உலகத்திலும் வேரூன்றிற்று. விதிகளைச் சொல்லும் மூலநூல் ஒன்றிருந்தால் ஆடலாம். ஆனால் மாதக்கணக்கில் நீளும் தொடர்கதையாக ஆட விரும்புகிறவர்களுக்கென்று பதிப்பகத்தார் துணைநூல்களை அடுக்கடுக்காக வெளியிடுகிறார்கள். அவை கடல் கடந்து வரவேண்டியவை, விலை மிகுந்தவை. ஆகையால் தேர்வில் விவேகம் அவசியமாகிறது.

புதியவர்கள் முதலில் மயங்குவது சக்திகளின் பட்டியல்களில். மார்வெல் வீரர்களுக்காக 1984-ல் வந்த ஆட்டத்துக்கு 1987-ல் ‘அல்டிமேட் பவர்ஸ் புக்’ என்று ஒரு தனி நூலே சேர்ந்தது. நானாக இருந்தால் அத்தகைய நூலைக் கடைசியாகத்தான் வாங்குவேன். மாயாவியை நம் மனத்தில் நிறுத்தியது மறையும் சக்தியா? அதற்கு மின்சாரம் வேண்டும் என்பதும், மறைந்த பின்னும் அந்தக் கை மறையாது என்பதுமல்லவா கதையை நடத்தின! ‘சாம்பியன்ஸ்’ இயற்றியவர்கள் இந்த ரகசியத்தை நன்கு உணர்ந்திருந்தார்கள்: தன் வீரனுக்குப் பலவீனங்களை மனமுவந்து ஏற்கும் ஆட்டக்காரனுக்கு, அவற்றுக்கு ஈடாகச் சக்திகளைப் பெறக் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும் என்று மூலநூலிலேயே விதித்துவிட்டார்கள்.

முதற்பணம் செலவாக வேண்டியது வில்லன்களின் தொகுப்புக்கு. ‘சாம்பியன்ஸ்’ ஆட்டத்துக்கே ஆரம்பத்தில் வந்த துணைநூல்களுள் ஒன்றின் பெயர் ‘எனிமீஸ்’, அதாவது பகைவர்கள். ஆட்டக்காரர் நால்வரும் ஆண்டு முழுவதும் நான்கு வீரர்களைக் கொண்டே காலம் கழிக்கலாம். சூத்திரதாரிக்கோ ஒவ்வொரு வாரமும் புதிய சத்ரு வேண்டியிருக்கிறது. வாங்குமுன் ஏதேனும் ஒரு பக்கத்தைப் பிரித்து, அந்தத் துஷ்டன் எதை விரும்புகிறான், யாரிடம் தோற்றால் அவமானமாகக் கருதுவான் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்; பலத்தின் எண்கள் மட்டுமே இருந்தால் வைத்துவிடலாம். 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் நமக்கு அறிமுகப்படுத்திய ஸ்பைடர், குற்றச் சக்கரவர்த்தியாக வேண்டும் என்ற அகங்காரத்தோடு புறப்பட்டு, பின்னர் நல்லவர் பக்கம் திரும்பியவன். ஆசை தெளிவாக இருந்ததால் அந்தத் திருப்பம் நம்பத் தகுந்ததாயிற்று. அத்தகைய பழைய இதழ்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், அவற்றையும் துணைநூல் வரிசையிலேயே சேர்க்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது ஊர். ‘மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்’ ஆட்டத்துக்கு 2003-ல் வந்த ‘ஃப்ரீடம் சிட்டி’ ஒரு கற்பனை நகரத்தை அதன் சரித்திரத்தோடும் பேட்டைகளோடும் காவலர்களோடும் விஸ்தரிக்கிறது. ஒரு நகரத்தை எப்படி வகுப்பது என்ற முறையைக் கற்க அதை வாசிக்கலாம். ஆனால் வாசித்தபின் மூடிவைத்துவிட்டு, கதையைப் புளியங்குடியிலேயே நடத்தவேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்வேன். மேற்கே மலைத்தொடர், எலுமிச்சை ஏலம் நடக்கும் மார்க்கெட், சாக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நிற்கும் லாரிகள், தெற்கே சென்றால் காற்றுக்குப் பேர்போன தென்காசிக் கோபுரம், ஆனி ஆடியில் சாரலோடு ஜனத்திரள் பெருகும் குற்றாலம். இவற்றை எந்த அந்நிய நூலாசிரியர் எழுதித் தரமுடியும்?

சாரல் காலத்து அந்தி நேரமொன்றைச் சூத்திரதாரி வர்ணிக்கத் தொடங்கட்டும். அருவிக்கரையில் பகைவன் நிற்கிறான். மாயாவியைப் போன்ற நம் வீரன் மறைவதற்காகக் கம்பியை நோக்கிக் கையை நீட்டுகிறான். அந்தச் சமயம் பார்த்து ஊர் முழுவதும் கரண்ட் போய்விடுகிறது. எந்தக் கடையில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று மேசையைச் சுற்றியிருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பகடை இன்னும் உருளவில்லை.