கற்றோர் அவையும் கரையோரக் கண்களும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருக்கேதீச்சரத்தைக் கடந்து வடக்கு நோக்கிச் சென்றால் பாப்பாமோட்டை என்னும் சிற்றூர் வரும். மோட்டை என்பது வன்னி வழக்கில் சிறு நீர்நிலையைக் குறிக்கும் சொல். ஊரின் பெயரிலேயே நீர் இருக்கிறது; ஊரை அடுத்து ஆழமற்ற கடலும் சேற்றுத் திடலும் இருக்கின்றன. மாரிக்காலத்தில் வடபுலத்துப் பறவைகள் இக்கரை நெடுகிலும் வந்து இறங்குகின்றன. ஊசிவால் வாத்தும் உள்ளானும் ஆலாவும் கூட்டங் கூட்டமாய் இரை தேடுகின்றன.

அக்கரையில் ஒரு காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். பறவையியல் பயின்ற இளைஞர் ஒருவர் தொலைநோக்கியுடன் நிற்கிறார். வலையைத் தோளிலிட்டு வரும் முதியவர் ஒருவர், "தம்பி, நேற்று விடியப்புறம் இந்த இடத்திலே ஆயிரம் பூநாரை நின்றது" என்கிறார். இளைஞர் என்ன செய்ய வேண்டும்? கேட்டதை அப்படியே குறித்துக்கொண்டால் ஏடு பழுதாகும். "இவருக்கு என்ன தெரியும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஏடு வெறுமையாகும். இவ்விரு பிழைகளுக்கும் நடுவே வழி ஒன்று உண்டா? அறிஞர் கூடும் அவை ஒவ்வொன்றையும் எதிர்நோக்கும் வினா இதுவேயாகும்.

பறவையியலின் வரலாற்றை நோக்குவோம். 1880இல் இலங்கைப் பறவைகளைப் பற்றிய பெருநூலை நிறைவு செய்த வின்சன்ட் லெக், பீரங்கிப் படையின் அதிகாரி. 1955இல் இந்நாட்டுப் பறவைகளுக்கு வழிகாட்டி நூல் தந்த ஜி. எம். ஹென்றி, கொழும்பு நூதனசாலையில் படம் வரைபவராகப் பணியில் சேர்ந்தவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தோடு வளர்ந்து உலகப் புகழ் பெற்ற சாலிம் அலியோ, பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெறாதவர். பட்டமில்லாதாரை வாயிலிலேயே நிறுத்தியிருந்தால் இத்துறை இத்துணை வளர்ந்திருக்குமா? 1943இல் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகமும், 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தோன்றிய களப் பறவையியல் குழுவும் ஆர்வலருக்குக் கதவைத் திறந்தே வைத்தன. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, ஆண்டுதோறும் சனவரியில் தொண்டர்களின் கண்களை நம்பியே நடைபெறுகிறது.

கதவு திறந்திருந்தும் அவை சந்தையாகிவிடவில்லை. காரணம் எளியது. அங்கே ஆளைச் சலிப்பதில்லை, செய்தியைச் சலிக்கின்றனர். எந்த இடத்தில் கண்டீர்? எந்த நேரத்தில்? எத்தனை? அதனை ஒத்த வேறொரு பறவையன்று என்று எவ்வாறு தெளிந்தீர்? இந்நான்கு கேள்விகளுக்கும் பேராசிரியரும் விடை சொல்ல வேண்டும். பள்ளி மாணவனும் விடை சொல்ல வேண்டும். தமக்கும் அதே கேள்விதான் என்பதைக் கண்ட புதியவர், தம்மிடம் கேட்பதை இழிவாகக் கருதமாட்டார்.

மீண்டும் கரைக்கு வருவோம். "ஆயிரம் என்று எப்படிக் கணக்கிட்டீர்கள், ஐயா?" என்று இளைஞர் பணிவுடன் வினவுகிறார். "எண்ணவில்லைத் தம்பி. நாலு வள்ளத்து நீளத்துக்கு ஒரே வரிசையாய் நின்றது" என்கிறார் முதியவர். ஆயிரம் போயிற்று, அளவு வந்தது! பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தை அளவுகோலாகக் கொண்டு கூட்டத்தை மதிப்பிடும் முறையை இளைஞர் காட்டுகிறார். எந்தக் காற்றுக்கு எந்தத் திடலில் நீர் வற்றும், அங்கே பறவை எப்போது இறங்கும் என்பதை முதியவர் காட்டுகிறார். பின்னதை எந்தக் கல்லூரியில் கற்பது?

இதில் ஆர்வலருக்கும் ஒரு கடமை உண்டு. கண்டதைச் சொல்லுதல் வேண்டும். கண்டதோடு நிற்றலும் வேண்டும். வள்ளுவர் அவையறிதல் என ஓர் அதிகாரமும், அதனை அடுத்தே அவை அஞ்சாமை என ஓர் அதிகாரமும் வகுத்தார். முன்னதை மட்டும் கற்றவன் ஊமையாவான். பின்னதை மட்டும் கற்றவன் பிறர் நேரத்தைக் கொள்ளையிடுவான்.

இஃது ஏதோ பொழுதுபோக்கினர் பிரச்சினை என்று எண்ணிவிடலாகாது. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2020இல் மன்னார்த் தீவில் திறக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலையில் 30 சுழலிகள் உள்ளன. மேலும் சுழலிகள் நாட்டும் பேச்சு எழுந்தபோது, பறவைகளின் வான்வழி எது என்னும் கேள்வியும் உடன் எழுந்தது. 2021இல் மன்னாரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட கடற்காகம் ஒன்று உருசியாவின் வடமுனைக் கரையை அடைந்தது. கருவி சில பறவைகளின் வழியைத்தான் சொல்லும். ஆண்டு முழுவதும் கரையைப் பார்த்திருப்பவை ஊரார் கண்களே. அவர்தம் சொல் நாளும் நேரமும் அளவும் பெற்றிருந்தால் சான்றாகும். இன்றேல் "ஆயிரம்" என்ற ஒரு மிகையைக் காட்டியே எதிர்த்தரப்பார் அனைத்தையும் தள்ளிவிடுவர்.

நம் இலக்கிய வட்டங்களுக்கும் பள்ளிச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். சிலவற்றில் புதியவர் வாய் திறக்க அஞ்சுகின்றனர். சிலவற்றில் எடுத்த பொருளைத் தவிர எல்லாம் பேசப்படுகின்றன. அடுத்த கூட்டத்தில், முதன்முறை வந்த மாணவனிடம், "இந்தக் கருத்தை நூலின் எந்த இடத்தில் கண்டாய், தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் நூலைத் திறக்கும் வரை பொறுத்திருங்கள். அடுத்ததாகத் தலைவரிடமும் அதையே கேளுங்கள்.