முதல் வில் வாங்கப் போறீங்களா?

'வில்வித்தை கத்துக்கணும்' என்று பிள்ளை அடம்பிடிக்கிறதா? நல்ல விஷயம்தான். தோளும் முதுகும் பலப்படும். ஆனால், வளர்ந்த பிறகும் உதவுமே என்று பெரிய வில்லாக வாங்கிவிடாதீங்க. '20 பவுண்டு' வில் என்றால், நாணை 28 அங்குலம் இழுக்க அவ்வளவு விசை தேவை. சக்திக்கு மீறி இழுத்தால் தோள் தசைநார்தான் பாதிக்கும். பத்துப் பன்னிரண்டு வயசுக்கு 12 முதல் 16 பவுண்டு, பெரியவங்களுக்கு 18 முதல் 24 போதும். முழுக்க இழுத்து, பத்து விநாடி கை நடுங்காமல் பிடித்து, மெதுவாகத் திருப்பிவிட முடிகிறதா? அதுதான் சரியான வில்.

செலவுக்குப் பயமா? மூங்கில் வில் போதும். தேசியப் போட்டியிலேயே அதற்கென்று 'இந்தியன் ரவுண்டு' பிரிவு உண்டு. ஜார்க்கண்ட் ஆட்டோ டிரைவர் மகள் தீபிகா குமாரி மூங்கில் வில்லில் பழகியவர்; 2012-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

மிச்சப் பணத்தில் முன்கைக் காப்பும் விரல் உறையும் வாங்குங்க. அம்பு, இழுக்கும் நீளத்தைவிட இரண்டு அங்குலமாவது கூடுதலாக இருக்கணும். அம்பில்லாமல் நாணை விடக்கூடாது. வில் உடைந்து தெறிக்கும்.

கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் பயிற்சி வேண்டவே வேண்டாம். பந்தலுக்கு அந்தப்பக்கம் ஆள் நிற்பது தெரியாது. பின்னால் மண்மேடு உள்ள வெட்டவெளியில், பெரியவர் ஒருவர் கூடவே நிற்க, பழகட்டும்.