கம்பியில்லா இணைப்பு மந்தமாவது ஏன்?

மதிப்பெண் பட்டியலையோ கள அறிக்கையையோ அனுப்பவேண்டிய நாளில் இல்லத்து மடிக்கணினியில் இணையம் மந்தமாயின், பலர் கூடுதல் கட்டணத் திட்டத்திற்கு மாறிவிடுகின்றனர். அது பலவேளை வீண் செலவே. முதலில் கணினியை ரௌட்டருடன் கம்பியால் இணைத்து வேகத்தை அளத்தல் வேண்டும். அப்போதும் மந்தமாயின், குறை ரௌட்டரிலோ வெளியிணைப்பிலோ இருக்கக்கூடும். வேகம் சீரானால், காற்றுவழியை ஆராய்தல் வேண்டும்.

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு உரிமத்தினின்றும் விலக்களிக்கப்பெற்ற 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைப்பகுதி ஒரு பொதுச்சாவடி போன்றது. அண்டை வீட்டு ரௌட்டர்களும் புளூடூத் கருவிகளும் அங்கேயே இயங்குகின்றன. ஏறத்தாழ 2450 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பும் அதிற் குறுக்கிடும். சமையல் வேளையில் மட்டும் இணைப்புத் தளருமாயின், ஐயத்திற்குரியது அடுப்பே! கணினியிற் செருகிய யு.எஸ்.பி. 3.0 வட்டும் இப்பகுதியில் இரைச்சல் எழுப்பக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

இப்பகுதியின் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. நெரிசல் குறைந்ததைத் தெரிந்துகொள்ளலாம். 5000 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி விரைவானது. எனினும் சுவர்களைக் கடக்கையில் மிகுதியாக வலிவிழக்கும். எனவே ரௌட்டரை இரும்பு அலமாரியின் பின்னே மறைத்தல் ஆகாது. ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்து, அதே இடத்திலிருந்து மீண்டும் அளத்தல் வேண்டும்.