படகின் வளிச்சீராக்கியும் வீழும் சுற்றுடைப்பானும்

வெப்பத்தை ஓரிடத்தினின்றும் அகற்றுதல் என்பது அதனைப் பிறிதோரிடத்திற் கொண்டுசென்று சேர்த்தலேயாம்; அதனை அடியோடு இல்லாதொழித்தல் எவர்க்கும் இயலாது. இவ்வுண்மையைச் செயலிற் பயன்படுத்த முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் யோன் கொறி என்னும் மருத்துவர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே, மெக்சிக்கோக் குடாவின் கரையிலமைந்த அப்பலாச்சிக்கோலா என்னுந் துறைமுகப் பட்டினத்தில் வாழ்ந்த இவர், காய்ச்சலால் வருந்திய நோயாளரின் அறைகளைக் குளிர்விக்க விரும்பிப் பனிக்கட்டி செய்யும் பொறியொன்றை ஆக்கி, 1851ஆம் ஆண்டில் அதற்கு ஆக்கவுரிமையும் பெற்றார். காற்றை அமுக்கி, அதனால் எழுந்த சூட்டை நீரினாற் போக்கி, பின்னர் அக்காற்றை விரியவிட்டுக் குளிர்வித்தலே அவர் கையாண்ட முறை. 1902ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் புறூக்லின் பகுதியிலிருந்த அச்சகமொன்றிற்காக உவில்லிஸ் கரியர் என்னும் பொறியியலாளர் காற்றின் ஈரப்பதனைக் கட்டுப்படுத்தும் முறையை வகுத்தார். இன்று அதே புளோரிடாக் கரையோரத்துத் துறைகளிற் கட்டப்பட்டுக் கிடக்கும் உல்லாசப் படகுகளின் சிற்றறைகளைக் குளிர்விக்கும் வளிச்சீராக்கிகள் இம்முயற்சிகளின் வழித்தோன்றல்களே.

கோடைகாலத்தில் இப்படகுகளில் அடிக்கடி நேரும் இடர் ஒன்றுண்டு. பொறி சிறிது நேரம் இயங்கும்; பின்னர், ‘பிரேக்கர்’ என வழங்கும் சுற்றுடைப்பான் வீழ்ந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும். மீண்டும் உயர்த்தினால் மீண்டும் வீழும். பொறுமையிழந்த உடையவர், அதனைக் கழற்றிவிட்டு அதனினும் பெரியதொன்றைப் பொருத்தும் எண்ணங்கொள்வார். இச்செயல் எத்துணைத் தீங்கு பயக்கும் என்பதையும், இடரின் மெய்க்காரணத்தை எவ்வொழுங்கிற் காணலாம் என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறியின் அமைப்பு

வளிச்சீராக்கியுள் ஒரு குளிர்பொருள் ஓயாது சுழன்றுகொண்டிருக்கின்றது. ஆவியாக்கி என்னும் உறுப்பில் அது அறைக் காற்றின் வெப்பத்தை ஏற்று ஆவியாகின்றது. அவ்வாவியை அமுக்கி என்னும் உறுப்பு உயர்ந்த அமுக்கத்துக்கு உட்படுத்துகின்றது. ஒடுக்கியிலே அது வெப்பத்தை இழந்து மீண்டும் திரவமாகின்றது. இல்லங்களிலுள்ள பொறிகளில் ஒடுக்கியின் வெப்பத்தை வெளிக்காற்று கொண்டுசெல்லும். படகிலோ அப்பணியைக் கடனீர் செய்கின்றது. படகின் அடியிலுள்ள வாயிலூடாகப் புகும் நீர், வடிகட்டியைக் கடந்து, பம்பியினால் உந்தப்பட்டு, ஒடுக்கியைச் சுற்றிச் சென்று, பக்கத்துளை வழியே மீண்டுங் கடலில் வீழ்கின்றது. வீட்டுப் பொறிக்கும் படகுப் பொறிக்கும் உள்ள தலையாய வேற்றுமை இதுவே. படகிற் காணும் இடர்களுட் பல இந்நீர்வழியிலேயே தோன்றுகின்றன.

இதனை எண்களாற் காண்டல் நன்று. மணிக்கு 16,000 பிரித்தானிய வெப்ப அலகுகளை அகற்றும் பொறியொன்று ஏறக்குறைய 4.7 கிலோவாற்று வெப்பத்தை அறையினின்றும் எடுக்கின்றது. அது 115 வோல்ற்று மின்னழுத்தத்தில் 12 அம்பியர் மின்னோட்டத்தை ஏற்கின்றது எனக் கொண்டால், பொறி தானே ஏறக்குறைய 1.3 கிலோவாற்றைச் செலவிடும். இவ்விரண்டுஞ் சேர்ந்த 6 கிலோவாற்றையும் கடனீரே சுமக்கவேண்டும். நிமிடத்துக்கு 15 இலீற்றர் நீர் பாயுமாயின், அந்நீரின் வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை உயரும். கோடையில் தென்புளோரிடாக் கடலின் மேற்பரப்பு நீர் 30 பாகை சதமளவை அடைவதுண்டு. எனவே, வெளியேறும் நீர் 36 பாகையாக இருக்கும். நீரோட்டம் பாதியாகக் குறைந்தால் உயர்ச்சி 12 பாகையாகும். வெளியேறும் நீர் 42 பாகையாகும். ஒடுக்கி அதனினுஞ் சூடாக இருந்தாலன்றி வெப்பம் நீருக்குச் செல்லாது. ஆர்-410ஏ என்னுங் குளிர்பொருள் 40 பாகையில் ஒடுங்கும்போது அதன் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல 24 மடங்காகும். 55 பாகையில் அது ஏறக்குறைய 34 மடங்காக உயரும். அமுக்கம் உயருந்தோறும் அமுக்கியின் சுமை கூடும். சுமை கூடுந்தோறும் மின்னோட்டங் கூடும். வடிகட்டியிற் சிக்கிய கடற்சாதாழை ஒன்று, மின்பலகையிலுள்ள உடைப்பானை வீழ்த்தும் வகை இதுவாகும்.

உடைப்பானின் இயல்பு

இன்று பெருவழக்கிலுள்ள சுற்றுடைப்பானின் அடிப்படை அமைப்புக்கு 1924ஆம் ஆண்டில் யேர்மனியின் மன்கைம் நகரில், உகோ சுற்றொற்சு என்பவரின் நிறுவனத்தில் ஆக்கவுரிமை பெறப்பட்டது. அதனுள் இருவகைக் காவல் உண்டு. மின்னோட்டம் அளவிற் சற்று மிகுந்து நெடுநேரம் பாயுமாயின், ஈருலோகச் சட்டமொன்று சூடேறி வளைந்து சுற்றைத் துண்டிக்கும். மின்னோட்டம் திடீரெனப் பன்மடங்காகப் பெருகினால், மின்காந்தச் சுருளொன்று கணப்பொழுதிற் சுற்றைத் துண்டிக்கும். படகுகளிற் பொருத்தப்படும் உடைப்பான்களுட் சில, சூட்டைக் கருதாது, எண்ணெயினால் தாமதிக்கப்படும் காந்தத்தைக் கொண்டே இவ்விரு வேலைகளையுஞ் செய்கின்றன. எவ்வகையாயினும், சிறு மிகைக்குத் தாமதமும் பெரு மிகைக்கு விரைவும் என்பதே அவற்றின் பொதுவிதி. ஆகவே, உடைப்பான் எப்பொழுது வீழ்கின்றது என்பதே ஆராய்ச்சியின் முதற்றடயமாகும். கடிகாரமொன்றைக் கையிற்கொண்டு அந்நேரத்தைக் குறித்துக்கொள்ளாது உறுப்புக்களை மாற்றத் தொடங்குதல் வீண் செலவாகும்.

வீழுங் காலங் கூறும் செய்தி

உயர்த்திய கணத்திலேயே வீழுமாயின், குறுஞ்சுற்றோ புவித்தொடுப்புக் குறையோ உண்டென ஐயுறல் வேண்டும். கரையிலிருந்து வரும் மின்கம்பியைக் கழற்றி, மின்னில்லையென மானியினால் உறுதிசெய்து, கொள்ளளவியிலுள்ள ஏற்றத்தையும் தக்க தடையொன்றினூடாகப் போக்கிய பின்னரே பொறியைத் தொடுதல் தகும். பின் அமுக்கி, விசிறி, பம்பி என்பவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றினின்றும் பிரித்துச் சோதித்தால், எதனைப் பிரித்தபோது குறை நீங்குகின்றதோ அதுவே குறையுடையது என்பது போதரும். யாவற்றையும் பிரித்த பின்னும் உடைப்பான் வீழுமாயின், குறை கம்பியிலேனும் உடைப்பானிலேனும் உள்ளது. மோட்டர்ச் சுருளின் காவலி பழுதற்றதோ என்பதை ‘மெகர்’ என்னும் கருவி காட்டும். சாதாரண ஓம்மானியின் சிற்றழுத்தத்திற்கு வெளிப்படாத கசிவு அக்கருவியின் உயரழுத்தத்துக்கு வெளிப்படுதல் உண்டு.

ஓரிரு வினாடி முனகிய பின் வீழுமாயின், அமுக்கி சுழலத் தொடங்கவில்லை என்பது பொருள். தூண்டல் மோட்டர் அசையாது நிற்கையில், இயங்குங்கால் ஏற்பதினும் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை ஏற்கும். 12 அம்பியர் ஏற்கும் பொறி அப்போது 60 அம்பியருக்கு மேல் ஏற்கும். தொடங்குதற்கு உதவுங் கொள்ளளவி வலுவிழத்தல் இதற்குப் பொதுக்காரணம். அதன் கொள்ளளவைத் தக்க மானியினால் அளந்து, அதன்மேற் பொறிக்கப்பட்ட பெறுமானத்தோடு ஒப்பிடுதல் எளிது. புதியது வாங்குதற்கும் பெருஞ்செலவில்லை. நிறுத்திய பொறியை உடனே மீண்டும் இயக்குதலும் இக்குறையைத் தோற்றுவிக்கும். குளிர்பொருளின் அமுக்கம் இருபுறமும் சமநிலையடையச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குமுன் இயக்கினால் அமுக்கி பெருஞ்சுமையை எதிர்த்துத் தொடங்கவேண்டி நேரும். இவையெல்லாஞ் சீராயிருந்தும் அமுக்கி அசையவில்லையெனின், அதன் உட்பொறி இறுகிவிட்டதென்ற முடிவுக்கு வரலாம்.

பத்திருபது நிமிடம் நன்கியங்கிய பின் வீழுமாயின், முதலில் நோக்கவேண்டுவது பக்கத்துளையில் வீழும் நீரையே. நீர்த்தாரை தடையின்றி வீழ்கின்றதா? ஒரு வாளியிலே அதனை ஏந்தி, வாளி நிறையும் நேரத்தைக் கணித்தால் நீரோட்டத்தின் அளவு புலப்படும். அது குறைவாயின், அடைப்பான் முற்றாகத் திறந்துள்ளதா, வடிகட்டியிற் சாதாழையோ சொறிமுட்டையோ அடைத்துள்ளதா, பம்பியிற் காற்றுச் சிறைப்பட்டுள்ளதா என ஒழுங்காக நோக்குதல் வேண்டும். நீரோட்டங் குறையாதிருந்தும் சூடு மிகுமாயின், ஒடுக்கியின் குழாய்களுள் உப்பும் கொட்டலசு முதலிய ஒட்டுயிர்களும் படிந்து வெப்பஞ் செல்லும் வழியைத் தடுத்தல் கூடும். உற்பத்தியாளர் விதித்த மென்னமிலக் கரைசலைச் சுழலவிட்டு அப்படிவை நீக்கலாம். பொறி நின்றபோது உடைப்பான் வீழாதிருந்தால், உயரமுக்கத்துக்கெனப் பொறியினுள் அமைந்த ஆளியே அதனை நிறுத்தியது என அறிக. அப்பொழுதும் காரணம் பெரும்பாலும் நீர்வழியிலேயே இருக்கும்.

நண்பகலிலும் முன்னிரவிலும் மட்டும் வீழுமாயின், படகை விடுத்துத் துறையை நோக்குதல் வேண்டும். எல்லாப் படகுகளிலும் பொறிகள் ஒருங்கே இயங்கும் வேளையில் துறையின் மின்னழுத்தந் தாழும். தூண்டல் மோட்டரின் தொடக்கத் திருப்புவலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு மாறுவது. ஆதலின், 115 வோல்ற்று 100 ஆகத் தாழ்ந்தால் அவ்வலு ஏறக்குறைய நாலில் மூன்று பங்காகின்றது. இயங்கிக்கொண்டிருக்கும் மோட்டரோ, அதே சுமையைத் தாங்குதற்கு மிகுந்த மின்னோட்டத்தை ஏற்கின்றது. பொறி இயங்கும்போதே மின்னழுத்தத்தை அளத்தல் வேண்டும். இயங்காதபோது எடுத்த அளவு இங்கே பயன்படாது.

இவையனைத்துக்கும் புறம்பாக, உப்புக்காற்றினால் அரிப்புண்ட இணைப்புக்களும் உண்டு. ஓர் இணைப்பின் தடை 0.1 ஓம் ஆயின், 12 அம்பியர் பாயும்போது அங்கே 14.4 உவாற்று வெப்பம் பிறக்கும். இது பற்றாசு வைக்குஞ் சிறு சூட்டுக்கோலின் வெப்பத்துக்கு நிகராகும். அச்சூடு அருகிலுள்ள உடைப்பானின் ஈருலோகச் சட்டத்தைத் தாக்க, மின்னோட்டம் அளவுக்குட்பட்டிருந்தும் உடைப்பான் வீழும். அம்பியர்மானி அளவான மின்னோட்டத்தைக் காட்டவும் உடைப்பான் வீழுமாயின், இவ்விணைப்புக்களை ஆராய்க. கருகிய காவலியும் நிறம் மாறிய செம்பும் காரணத்தைத் தெரிவிக்கும்.

பெரிய உடைப்பானின் தீங்கு

உடைப்பான் காப்பது பொறியை மட்டுமன்று. சுவருள் மறைந்தோடும் கம்பியையும் அது காக்கின்றது. கம்பியிற் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது. 20 அம்பியருக்கென இடப்பட்ட கம்பியில், 30 அம்பியர் உடைப்பானின் காவலில், 30 அம்பியர் பாயுமாயின் அதிற் பிறக்கும் வெப்பம் 2.25 மடங்காகும். மரமும் பிசினும் எரிபொருளும் நிறைந்த படகினுள் இதன் விளைவு யாதென விரித்துரைத்தல் வேண்டா.

கசிவோட்டத்தின் தீங்கு இதனினுங் கொடியது. அமெரிக்கப் படகுகளுக்கான நியமங்கள் 30 மில்லி அம்பியர் கசிவுக்குச் சுற்றைத் துண்டிக்கும் உடைப்பானை விதிக்கின்றன. அது வீழுமாயின், மின்னோட்டத்தின் ஒரு பகுதி உரிய வழியை விட்டுப் புவியையோ நீரையோ நாடுகின்றது என்பது கருத்து. அதனை நீக்கிவிட்டுப் பொறியை இயக்குபவர் தம் அறையைக் குளிர்வித்துக்கொள்ளலாம். ஆயின், படகைச் சூழ்ந்த நீரில் நீந்துவோர் அதற்கு விலை கொடுக்க நேரும். நன்னீரினும் மனித உடல் மின்னை எளிதிற் கடத்துமாதலின், ஏரிகளில் இவ்விடர் மிகுதி. 2012ஆம் ஆண்டு யூலை 4ஆந் தேதி மிசூரி மாநிலத்து ஓசார்க் ஏரியில், படகுத்துறையொன்றின் அருகே நீந்திய உடன்பிறந்தார் இருவர் நீரிற் கசிந்த மின்னினால் உயிரிழந்தனர். நீரிற் பரவிய மின் கண்ணுக்குத் தோன்றாது. அதனை உணர்ந்து தடுக்கவல்லது உரிய உடைப்பானேயாம்.

நோயையும் அதன் முதலையும் நாடிய பின்னரே மருந்தை நாடுக என வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த ஒழுங்கு பொறிவினைஞர்க்கும் பொருந்துவதாகும். உடைப்பான் வீழ்தல் நோயின் குறி. அது வீழ்ந்த நேரத்தைக் குறித்து, நீரை அளந்து, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, இணைப்புக்களை நோக்கி, இறுதியிலேயே உறுப்பை மாற்றுதல் முறையாகும். ஒரு வாளியும் கடிகாரமும் இரண்டொரு மானிகளும் இவ்வாராய்ச்சியின் பெரும்பகுதிக்குப் போதும். வெப்பமும் மின்னும் பற்றி வகுப்பறையிற் கற்கும் எளிய விதிகளே படகின் சிற்றறையிலும் ஆட்சி செய்கின்றன. அவற்றை உணர்ந்து செயற்படுவோர் பொருளை மட்டுமன்றிப் பிறர் உயிரையுங் காப்பர்.