எம்16-ஐவிடக் குட்டை, ஆனால் குழல் அதே நீளம்: எஸ்.ஏ.ஆர். 21 உருவான கதை

தேசிய சேவை முடித்த அண்ணன் யாரிடமாவது எஸ்.ஏ.ஆர். 21 என்று சொல்லிப் பாருங்கள். கை தானாக ஒரு பிடி பிடித்துக் காட்டும். அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ கேட்டால், அநேகமாக எம்16 பற்றித்தான் பேசுவார்.

இரண்டையும் அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது நீளம். எம்16 கிட்டத்தட்ட 99 சென்டிமீட்டர். எஸ்.ஏ.ஆர். 21 வெறும் 80.5. ஏறக்குறைய ஒரு சாண் குறைவு. குழலை வெட்டிவிட்டார்கள் போல என்று தோன்றும். இல்லை. இரண்டுக்கும் குழல் 50.8 சென்டிமீட்டர்தான்.

அப்போ அந்த ஒரு சாண் எங்கே போனது?

எம்16-இல் தோட்டா வெடிக்கும் அறையும் மேகசினும் விசைக்கு முன்னால் இருக்கும். தோளில் அணைக்கும் பின்கட்டைக்குள் இருப்பது ஒரு சுருள்வில், அவ்வளவுதான். எஸ்.ஏ.ஆர். 21-இல் அந்த அறை, மேகசின் எல்லாமே விசைக்குப் பின்னால், பின்கட்டைக்குள்ளேயே போய்விட்டன. இந்த அமைப்புக்குப் பெயர் புல்பப்.

குழலையே குறைத்திருக்கலாமே? குறைக்கலாம்தான். ஆனால் தோட்டா வேகம் பிடிப்பதே குழலுக்குள்தான். 5.56 மில்லிமீட்டர் தோட்டா சிறியது. அதன் பலமே வேகம். குழல் குறைந்தால் வேகமும் குறையும்.

சரி, குட்டையாக இருந்தே ஆக வேண்டுமா? பயோனிக்ஸ் போன்ற கவச வாகனத்துக்குள் முழுப் பையோடு நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டு, கதவு திறந்ததும் பாய்ந்து இறங்குவதை நினைத்துப் பாருங்கள். இல்லையென்றால் படிக்கட்டுத் திருப்பங்கள், குறுகலான நடைவழிகள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு அங்குலமும் எதிலாவது இடிக்கும்.

கதை 1967-இல் தொடங்குகிறது. தேசிய சேவை கட்டாயமான அதே ஆண்டில் சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் நிறுவனம் அமைக்கப்பட்டது. முதலில் தோட்டா, பிறகு அமெரிக்காவின் கோல்ட் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி எம்16. தொழிற்சாலை நம்முடையது, வடிவமைப்பு அவர்களுடையது. வெளிநாட்டுக்கு விற்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் சம்மதம் வேண்டும். சிறிய நாட்டுக்கு இது சாதாரணத் தலைவலி இல்லை.

சொந்தமாகச் செய்யும் முயற்சிகள் அப்படித்தான் வந்தன. எஸ்.ஏ.ஆர். 80, அதன் பிறகு எஸ்.ஆர். 88. இரண்டுமே நம் ராணுவத்தின் முதன்மைத் துப்பாக்கியாக ஆகவில்லை. அல்டிமேக்ஸ் 100 இயந்திரத் துப்பாக்கி மட்டும் நன்றாக நிலைத்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் ஜேம்ஸ் சல்லிவன். எம்16-ஐ உருவாக்கியவர்களில் ஒருவர்!

1990களில் பொறியாளர்கள் புல்பப் பக்கம் திரும்பியபோது அது புதிய யோசனை அல்ல. ஆஸ்திரியா 1970களிலேயே ஏயூஜி துப்பாக்கியை ஏற்றுக்கொண்டுவிட்டது. பிரிட்டனின் எல்85 அடிக்கடி சிக்கிக்கொண்டு பெயரைக் கெடுத்துக்கொண்டது. பிறகு ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் கையில் கொடுத்துச் சீரமைக்க வேண்டியிருந்தது. அறையைப் பின்னால் தள்ளுவது ஏதோ பெட்டியை நகர்த்துவது மாதிரி அல்ல.

முக்கியமான பிரச்சினை, என்னைக் கேட்டால், கன்னம்தான். குறி பார்க்கும்போது முகம் பின்கட்டையில் பதியும். புல்பப்பில் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தோட்டா வெடிக்கிறது. பழுதான தோட்டா ஒன்று அறையையே பிளந்துவிட்டால்? துப்பாக்கியைப் பிடித்திருப்பவர் பல ஆண்டு அனுபவமுள்ள வீரர் அல்ல. புலாவ் தெக்கோங்கில் சில வாரங்களுக்கு முன் முடி வெட்டிக்கொண்ட 18, 19 வயதுத் தம்பி. அதனால்தான் கன்னம் படும் இடத்தில் கெவ்லர் தகடு வைத்தார்கள். அளவுமீறிய வாயு முகத்தைவிட்டு விலகி வெளியேற ஒரு துவாரமும் உண்டு. வலப்பக்கம் தெறிக்கும் வெற்றுத் தோட்டாக்கூட்டைத் திசைதிருப்ப ஒரு தடுப்பும் இருக்கிறது. இல்லாவிட்டால் இடது தோளில் வைத்துச் சுடுபவரின் முகத்துக்கே அது பறந்து வரும்.

அடுத்தது குறி. வழக்கமான இரும்புக் குறிமுனைகள் இரண்டுக்கும் இடையே தூரம் அதிகம் இருந்தால்தான் துல்லியம் கிடைக்கும். துப்பாக்கி குட்டையானால் அந்தத் தூரமும் சுருங்கும். தீர்வு: தூக்கும் கைப்பிடிக்குள்ளேயே 1.5 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி. முன்பிடியில் லேசர் கருவி வேறு. மேகசின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். 30 தோட்டாக்களில் எத்தனை மிச்சம் என்று பார்த்தாலே தெரியும்.

1999-இல் எஸ்.ஏ.ஆர். 21 அறிமுகமானது. பெயரில் உள்ள 21, 21ஆம் நூற்றாண்டைக் குறிக்கிறது.

குட்டை என்றால் லேசு என்று மட்டும் நினைக்காதீர்கள். தோட்டா இல்லாமலே 3.8 கிலோகிராம். எம்16 மூன்று கிலோவைச் சுற்றித்தான் இருந்தது. பாரம் தோள் பக்கமாக இருப்பதால் குறி பார்க்கும்போது அவ்வளவாகத் தெரியாது. நீண்ட நடைப்பயணத்தின் கடைசிக் கிலோமீட்டரில் தெரியும்.

பின்னர் வந்த வகைகளில், விரும்பிய குறிபார்க்கும் கருவியை மாட்டிக்கொள்ள உதவும் உலோகத் தண்டவாளங்கள் சேர்ந்தன. 2014 சிங்கப்பூர் விமானக் கண்காட்சியில் அடுத்த புல்பப் ஒன்றும் காட்சிக்கு வந்தது; இப்போது அதன் பெயர் பிஆர்18. அதில் குழலையும் குறைத்துவிட்டார்கள்.